வாலி போர்ஜில் ஒரு கூதிர்ப் பாசறை

போர் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? உருவிய வாளும், முழங்கும் பீரங்கியும், வெற்றிக் கொடியுமே அல்லவா? ஆயினும், ஒரு போர்வீரனது வாழ்நாளில் களத்திற் கழியும் நாட்கள் மிகச் சிலவே. ஏனைய நாட்களெல்லாம் வழிநடையிலும் பாசறையிலுமே கழிகின்றன. விறகு வெட்டலும், நீர் சுமத்தலும், காவல் நிற்றலும், கிடைத்ததைச் சமைத்து உண்ணலுமே அவனுடைய அன்றாடத் தொழில்கள். வரலாற்று நூல்களோ களத்தை விரித்துரைத்துப் பாசறையை இரண்டொரு வரிகளிற் கூறிக் கடந்துவிடுகின்றன.

பண்டைத் தமிழாசிரியர் பாசறையை அங்ஙனம் கடந்து செல்லவில்லை. தொல்காப்பியர் புறத்திணையியலில் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என இரண்டினைக் குறித்து, அவற்றை வாகைத் திணையின்பால் அடக்கினார். வாகையாவது வெற்றி. பகைவரைப் பொருது வெல்லுதல் மட்டுமன்றிக் குளிரையும் வெயிலையும் பொறுத்துப் பாசறையில் நிலைத்திருத்தலும் ஒரு வெற்றியே என்று இதனால் நாம் கொள்ளலாம். நம் நாட்டில் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் ஆகும். குளிர் மிக்க மேல்நாடுகளிலோ அது டிசம்பர் தொடங்கி மூன்று நான்கு திங்கள் நீடிக்கும். அத்தகைய நாட்டுக் கூதிர்ப் பாசறை ஒன்றில் ஓர் எளிய போர்வீரனது நாள் எவ்வாறு கழிந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாசறை, அமெரிக்க விடுதலைப் போரின்போது 1777-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் முதல் 1778-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் வரை, சரியாக ஆறு திங்கள், ஜார்ஜ் வாஷிங்டனுடைய படை தங்கியிருந்த வாலி போர்ஜ் என்பதாம். அவ்விடத்தில் ஒரு போரும் நிகழவில்லை. ஆயினும் அமெரிக்கர் தம் விடுதலை வரலாற்றைப் பேசுங்கால் அவ்விடத்தை மறவாது பேசுகின்றனர். இதன் காரணம் யாது?

பாசறை அமைந்த வரலாறு

1777-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்கு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. செப்டம்பர் 11-ஆம் நாள் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் அது தோற்றது. அத்திங்கள் 26-ஆம் நாள் வில்லியம் ஹவ் என்னும் ஆங்கிலச் சேனாதிபதி பிலதெல்பியா நகரைக் கைப்பற்றினார். அக்டோபர் 4-ஆம் நாள் ஜெர்மன்டவுனில் வாஷிங்டன் மீண்டும் தாக்கியும் பயனில்லை. நாட்டை ஆண்ட காங்கிரஸ் அவையினர் தலைநகரை விட்டு யார்க் என்னும் சிற்றூருக்குச் சென்று கூடலாயினர்.

குளிர்காலத்தில் போர் நிறுத்திப் படைகள் ஓரிடத்தில் தங்குவது அக்கால வழக்கம். ஆங்கிலப் படைக்குப் பிலதெல்பியாவின் வீடுகள் கிடைத்தன. வாஷிங்டனோ, அந்நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய இருபது மைல் தொலைவில், ஸ்கூல்கில் ஆற்றின் கரையிலிருந்த மேட்டு நிலத்தைத் தேர்ந்தார். பகைவர் திடீரெனப் பாய இயலாத தூரமும், அவர் இயக்கத்தைக் கண்காணிக்கத்தக்க அண்மையும் அவ்விடத்திற்கு ஒருங்கே அமைந்திருந்தன. அங்கே முன்பு இரும்பு அடிக்கும் உலைக்கூடம் ஒன்று இருந்தமையாலேயே, உலைக்களப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் வாலி போர்ஜ் என்னும் பெயர் வந்தது. அவ்வுலைக்கூடத்தை அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஆங்கிலப் படையினர் எரித்துவிட்டனர். ஆகவே, டிசம்பர் 19-ஆம் நாள் ஏறக்குறையப் பன்னீராயிரம் வீரர் அங்கு வந்து சேர்ந்தபோது அவர்களை வரவேற்றவை காடும் குளிர்காற்றுமே.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவன் கனெக்டிகட் மாகாணத்து ஜோசப் பிளம் மார்ட்டின். அவனுக்கு அப்போது வயது பதினேழு. கல்லூரியிற் புகும் ஒரு மாணவனின் வயது. பெருந்தலைவர்கள் எழுதிய கடிதங்கள் பல உள. சாதாரண வீரன் எழுதிய வரலாறு அரிது. மார்ட்டின் முதுமையுற்ற பின்னர், 1830-ஆம் ஆண்டில், தன் நினைவுகளை ஒரு நூலாக வெளியிட்டமையால் அவன் கண்ட பாசறையை நாமும் காணும் பேறு பெற்றோம். பாசறைக்கு வருமுன்னாள், நாடெங்கும் நன்றியறிதல் நாள் கொண்டாடக் காங்கிரஸ் ஆணையிட்டிருந்தது. அவ்விருந்துக்காக அவனுக்கு அளிக்கப்பட்டவை ஒரு கைப்பிடிக்கு மேற்படாத அரிசியும் ஒரு மேசைக்கரண்டி காடியும். மறுநாள் இருட்டில் வாலி போர்ஜை அடைந்தபோது நாவறண்டு, தன்னிடமிருந்த மூன்று பென்ஸ் காசையும் வழியில் வந்த இருவரிடம் கொடுத்து ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அதன்பின் இரண்டு இரவும் ஒரு பகலும் அவன் உண்டது பாறைமேல் வைத்துச் சுட்ட ஒரு சிறு பரங்கிக்காயின் பாதியே.

குடில் அமைத்தல்

வீரர்க்கு முதல் வேலை வீடு கட்டுதலாயிற்று. கிழிந்த கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தல் இயலாது. ஆதலின், ஒவ்வொரு பன்னிருவர்க்கும் ஒரு குடில் என்று வாஷிங்டன் ஆணையிட்டார். குடிலின் நீளம் 16 அடி; அகலம் 14 அடி; சுவரின் உயரம் ஆறரை அடி. சுவர் முழுவதும் மரத்தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து எழுப்ப வேண்டும். பின்புறத்தில் மரத்தாலேயே அடுப்பும் புகைபோக்கியும் அமைத்து, உட்புறம் தீப்பற்றாதவாறு பதினெட்டு அங்குலக் கனத்துக்குக் களிமண் பூச வேண்டும். வாயில் தெருவை நோக்கியிருத்தல் வேண்டும். இவ்வாறு ஒழுங்கான தெருக்களையுடைய ஒரு நகரமே காட்டின் நடுவில் எழ வேண்டும் என்பது ஆணை.

ஆணையிடுதல் எளிது, நிறைவேற்றுதல் அரிது. கோடரிகள் போதவில்லை, ஆணிகளும் பலகைகளும் இல்லை. மரத்தை வெட்டியவர்களே அதனை இழுத்தும் வந்தனர். ஏனெனில் வண்டிக் குதிரைகள் தீனியின்றி மெலிந்திருந்தன. ஒவ்வொரு படைப்பிரிவிலும் விரைந்தும் செவ்வையாகவும் குடில் கட்டும் குழுவினருக்குப் பன்னிரண்டு டாலர் பரிசு என்றும், கூரை வேய்தற்குப் பலகைக்கு மாற்றாக மலிந்த பொருளைக் கண்டுபிடிப்பவர்க்கு நூறு டாலர் என்றும் வாஷிங்டன் அறிவித்தார். ஒரு சாதாரண வீரனது மாதச் சம்பளம் ஏழு டாலருக்கும் குறைவு என்பதை நோக்கின் இப்பரிசுகளின் பெருமை விளங்கும். வீரர் குடில் கட்டத் தொடங்கி வேலை நடைபெறும் வரையில் வாஷிங்டனும் கூடாரத்திலேயே உறைந்து, பின்னரே அருகிலிருந்த ஒரு சிறு கல்வீட்டிற்குச் சென்றார்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாள் பெரும்பாலார்க்குக் கூடாரத்திலேயே கழிந்தது. ஜனவரித் திங்களின் நடுவில்தான் பெரும்பாலான குடில்கள் முடிந்தன. அவற்றுட் சில நன்றாக அமைந்தன; பலவற்றில் தரை ஈரமாகவும், கூரை ஒழுகுவதாகவும், பச்சை விறகின் புகை கண்ணைக் கரிப்பதாகவும் இருந்தன. ஆயினும், பன்னிருவர் தங்கள் கையாலேயே கட்டிய வீடு அது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத பல மாகாணத்தார் ஒன்றாக வாழப் பழகியது இப்பாசறைத் தெருக்களிலேயே என்பது கருதத்தக்கது.

ஊணும் உடையும்

காங்கிரஸ் 1775-ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, வீரன் ஒருவனுக்கு நாடோறும் ஒரு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றியிறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு, ஒரு பைண்ட் பால் ஆகியவையும், வாரந்தோறும் பட்டாணி அல்லது அவரை வகையில் மூன்று பைண்டும், ஓரளவு அரிசியும் கிடைத்தல் வேண்டும். ஏட்டில் இது நிறைவான உணவே. பாசறையிற் கிடைத்ததோ பெரும்பாலும் மாவு மட்டுமே. அதனை நீரிற் பிசைந்து, தீயருகே சூடான கல்லின்மேல் தட்டிச் சுடுவர். வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் இருக்கும் அதற்கு வீரர் இட்ட பெயர் நெருப்பப்பம். கனெக்டிகட் படையின் மருத்துவராகிய அல்பிஜென்ஸ் வால்டோ என்பவர் எழுதிவைத்த நாட்குறிப்பில், காலையுணவு யாது, மாலையுணவு யாது என்று வினவினால் நெருப்பப்பமும் நீருமே என விடை வரும் துயரத்தைக் காண்கிறோம். இறைச்சி இல்லையென்று ஒரு குடிலில் எழும் கூக்குரலை அடுத்த குடிலார் ஏற்றுப் பாடுவதும், காகம் ஆந்தை முதலியவற்றின் குரலைப் போலக் கத்துவதும் அக்குறிப்பிற் பதிவாகியுள்ளன. பசித்தவன் அழுவதற்குப் பதிலாகக் கேலி செய்தல் இளைஞரிடத்து இயல்பு போலும்!

உடையின் குறை உணவின் குறையினும் கொடிது. டிசம்பர் 23-ஆம் நாள் காங்கிரஸ் தலைவராகிய ஹென்றி லாரன்ஸுக்கு வாஷிங்டன் விடுத்த கடிதத்தில், காலணியும் ஆடையும் இன்மையால் பணிக்கு உதவாதவராயினோர் 2,898 பேர் என்று கணக்கிட்டுக் காட்டினார். நிலைமை உடனே மாறாவிடின் படை பட்டினி கிடக்கவோ, கலையவோ, உணவு தேடிச் சிதறவோ நேரும் என்றும் எச்சரித்தார். வீரர் சென்ற வழியை அவர்தம் கால்களினின்று ஒழுகிய குருதியைக் கொண்டு அறியலாகும் என்று பிறிதொரு கடிதத்தில் அவர் எழுதினார். பழைய கம்பளிப் போர்வையையே அங்கியாகத் தைத்து அணிந்துகொண்டு காவல் மாற்றத்துக்கு வந்த அதிகாரிகளையும் பாசறையிற் காணலாயிற்று.

இவ்வறுமைக்குக் காரணம் நாட்டில் விளைவின்மையா? அன்று. பென்சில்வேனியா வளமிக்க நாடு. குறை ஆட்சியிலே இருந்தது. உணவு கொள்முதல் செய்யும் தலைமை அதிகாரி 1777-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பதவி விலகினார். வண்டியும் வழியும் கூடாரமும் பார்க்கும் தளவாடத் தலைவரும் அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் விலகினார். அவ்விடத்தை நிரப்பச் சில திங்கள் ஆயின. இதனால் வண்டிகள் இல்லை, வண்டியோட்டிகள் இல்லை, வழிகளோ சேறு. காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணம் நாளுக்குநாள் மதிப்பிழந்தது. பிலதெல்பியாவிலிருந்த ஆங்கிலரோ பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர். ஆகவே குடியானவர் பலர் தங்கள் பொருளை அங்கே கொண்டு சென்றனர்.

மார்ட்டினின் வரலாறே இதற்குச் சான்று. குடியானவர் ஊர்களிலிருந்து தானியமும் வைக்கோலும் திரட்டி அனுப்பும் வேலைக்கு அவன் அனுப்பப்பட்டு, பிலதெல்பியாவுக்கும் லங்காஸ்டருக்கும் இடைப்பட்ட ஓரூரில் அக்குளிர்காலத்தைக் கழித்தான். படையிற் சேர்ந்தபின் அதுவரை அறியாத நல்லுணவு அங்கே அவனுக்குக் கிடைத்தது. ஒரே மாகாணத்தில், ஒரே குளிர்காலத்தில், ஓரிடத்தில் வயிறார உணவும், பிறிதோரிடத்தில் வெறும் மாவும்! இடையில் இல்லாதவை வண்டியும் அவற்றை நடத்தும் பொறுப்புமே.

ஒரு நாளின் ஒழுங்கு

பாசறையில் நாழிகை காட்டியது முரசு. வைகறையில் முதல் முரசு முழங்கும், வீரர் எழுவர். அடுத்த முரசுக்கு அணிவகுத்து நிற்பர், பெயர் கூப்பிடப்படும், அன்றைய காவலுக்கு உரியோர் பிரிக்கப்படுவர். கதிரவன் மறையும்போது மற்றொரு முரசு. மீண்டும் பெயர் கூப்பிடுதல். இரவில் இறுதி முரசு ஒலித்தபின் அனைவரும் குடிலுக்குள் அடங்க வேண்டும்.

முரசுக்கும் முரசுக்கும் இடைப்பட்ட பொழுது வேலையிற் கழியும். ஒரு குழுவினர் காட்டில் விறகு வெட்டுவர். நாட்செல்லச் செல்ல அண்மைக் காடு அழிந்து, விறகு தேடிச் செல்லும் தூரம் மிகுந்தது. ஒரு குழுவினர் ஓடையிலிருந்து நீர் கொணர்வர். வேறு சிலர் அகழி வெட்டி மண்ணரண் எழுப்புவர். சிலர் உணவு திரட்டும் வண்டிகளுடன் செல்வர். சிலர் பாசறைக்கு வெளியே பகைவர் வரும் வழிகளிற் காவல் நிற்பர். குடிலில் இருப்போர் ஆடை தைப்பர்; துப்பாக்கி துடைப்பர்; பச்சைத் தோலை வெட்டிக் காலிற் கட்டிக்கொள்வர். வீரரோடு வந்த நூற்றுக்கணக்கான பெண்டிரும் பாசறையில் வாழ்ந்தனர். துணி வெளுத்தலும், நோயாளரைப் பேணுதலும் அவர் தொழில். வரலாறு அவருட் பெரும்பாலோர் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

இவ்வேலைகளில் மிகவும் வெறுக்கப்பட்டது துப்புரவு வேலை. தீனியின்றி நூற்றுக்கணக்கான குதிரைகள் இறந்தன. அவற்றைப் புதைப்பதற்கு உறைந்த நிலம் இடந்தரவில்லை. மெலிந்த வீரர்க்கு வலிமையும் இல்லை. இறைச்சிக் கழிவுகள் குடிலருகே எறியப்பட்டன. கழிப்பிடக் குழிகளுக்குச் செல்லாது பலர் கண்ட இடத்தை அசுத்தம் செய்தனர். குதிரைகளைப் புதைக்குமாறும், தெருக்களைப் பெருக்குமாறும், குழிகளைப் புதிதாக வெட்டி மூடுமாறும் வாஷிங்டன் ஆணைக்குமேல் ஆணை பிறப்பித்துக்கொண்டே இருந்தார். அவ்வாறு மீண்டும் மீண்டும் பிறப்பிக்க வேண்டியிருந்தமையே அவை நன்கு பின்பற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகும்.

நோயும் மருந்தும்

வாலி போர்ஜ் என்றவுடன், பனியில் உறைந்து இறந்த வீரரையே ஓவியங்கள் நமக்குக் காட்டுகின்றன. உண்மை வேறு. அக்குளிர்காலம் மிகக் கொடியதன்று. இரண்டாண்டுகளுக்குப் பின் 1779-80-இல் மாரிஸ்டவுன் என்னுமிடத்தில் அதே படை கண்ட குளிர் இதனினும் பன்மடங்கு கடியது. எனினும், வாலி போர்ஜில் தங்கிய ஆறு திங்களில் இறந்தவர் ஏறக்குறைய இரண்டாயிரவர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தது பனிக்காலத்தில் அன்று. பனி உருகி, உணவும் மிகுந்து வந்த மார்ச்சு, ஏப்ரல், மே மாதங்களிலேயாம்.

அவர்களைக் கொன்றவை யாவை? டைபாய்டு, டைபஸ் என்னும் விஷ ஜுரங்களும், இன்புளுயன்ஸாவும், சீதபேதியுமே. பன்னிருவர் நெருங்கி உறங்கும் குடிலில் ஒருவன் உடற்பேன் மற்றவர்க்கும் ஏறும். அப்பேன் டைபஸ் ஜுரத்தைப் பரப்பும். மாற்றுடை இல்லாதவன் உடையைத் துவைப்பது எங்ஙனம்? குளிர்காலமெல்லாம் உறைந்து கிடந்த அழுக்கு வெயில் வந்தவுடன் இளகி ஓடைகளில் கலந்தது. நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு பிறவாத காலம் அது. ஆயினும், தூய்மைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டென்பதைப் படைத்தலைவர் உணர்ந்திருந்தனர். குடிலின் காற்றைத் தூய்மை செய்ய நாடோறும் ஒரு தோட்டாவின் வெடிமருந்தை எரிக்குமாறு ஆணை பிறந்தது. மே மாதத்தில், சுவரிடுக்கில் பூசிய களிமண்ணைப் பெயர்த்துக் காற்றுப் புகவிடுமாறும் ஆணையிட்டனர்.

நோயாளர் பலர் பாசறைக்கு வெளியே, தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வூர்களிற் கோயில்களும் களஞ்சியங்களும் மருத்துவமனைகளாயின. பெத்லகேம் என்னும் ஊரில் மொரேவியச் சகோதரர் தங்கள் இல்லத்தையே இதற்கு விட்டுக்கொடுத்தனர். ஆனால் அங்கும் இடநெருக்கத்தால் ஜுரம் பரவி, நோயாளரோடு அவரைப் பேணியவரும் இறந்தனர். வாலி போர்ஜில் இறந்தவர்களாகக் கணக்கிடப்படுவோர் பலரின் கல்லறைகள் அங்கே இல்லாமைக்குக் காரணம் இதுவே.

ஒரு நோயில் மட்டும் வாஷிங்டன் முன்னறிவோடு வென்றார். பெரியம்மை அக்காலப் படைகளின் பெரும் பகை. ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்தியது 1796-ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் வழங்கியது, பெரியம்மைக் கொப்புளத்து நீரையே சிறிது எடுத்து உடலிற் கீறி ஏற்றி, இலேசான அம்மையை வருவித்துக் கொள்ளும் முறை. அதில் ஆபத்து இல்லாமலில்லை. எனினும் 1777-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே தம் படை முழுவதற்கும் அதைச் செய்ய வாஷிங்டன் துணிந்தார். வாலி போர்ஜிலும், முன்பு அம்மை காணாத வீரர் ஆயிரக்கணக்கில் இம்முறையால் காக்கப்பட்டனர். ஆணையிட்டதோடு நில்லாது, ஆள் வைத்து நடத்தி முடித்த காரியம் இது. துப்புரவு ஆணைகள் தோற்றதும் இது வென்றதும் நமக்கு ஒரு பாடம் அன்றோ?

உணர்ச்சியும் பயிற்சியும்

பிப்ரவரியின் நடுவில் துன்பம் எல்லை கடந்தது. பல நாட்கள் இறைச்சி என்பதே இல்லை. அத்திங்கள் 16-ஆம் நாள் வாஷிங்டன் நியூயார்க் மாகாண ஆளுநராகிய ஜார்ஜ் கிளின்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஆடையும் உணவும் இன்றி வாடியும் இவ்வீரர் இதுவரை ஒருங்கே கலகம் செய்யாதிருக்கும் பொறுமையை எவ்வளவு வியந்தாலும் தகும் என்றார். ஓடிப்போனவரும் உண்டு, பதவி துறந்து வீடு திரும்பிய அதிகாரிகளும் பலர். ஆயினும் நின்றவர் பலர். நின்றவரில் குடியானவர் மக்களும், தச்சரும், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மன் நாட்டிலிருந்தும் குடியேறிய ஏழைகளும், நீக்ரோவர் எனப்பட்ட கறுப்பினத்தாரும் இருந்தனர். பிறர்க்கு அடிமையாயிருந்தோர், போரிற் சேரின் விடுதலை பெறலாம் என்று ரோட் ஐலண்டு மாகாணத்தார் 1778-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சட்டம் இயற்றினர். விடுதலை என்னும் சொல்லின் முழுப்பொருளை அறிந்து நின்றவர் இவரினும் யாவர்?

ஜனவரியின் இறுதியில் காங்கிரஸ் அனுப்பிய குழுவினர் பாசறைக்கு வந்து நிலைமையைக் கண்ணாரக் கண்டனர். மார்ச்சு மாதத்தில் நதானியேல் கிரீன் தளவாடத் தலைவரானார். ஏப்ரலில் ஜெரமையா வாட்ஸ்வொர்த் உணவுக் கொள்முதலை ஏற்றார். பொறுப்புடையோர் பதவியில் அமர்ந்தவுடன் வண்டிகள் வரலாயின.

இதற்கிடையில், பிப்ரவரி 23-ஆம் நாள் பிரஷ்ய நாட்டுப் படையில் முன்பு பணிபுரிந்த ஸ்டியூபன் என்பவர் பாசறைக்கு வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வீரர்க்கோ ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஒவ்வொரு பயிற்சி முறை. துப்பாக்கி நுனியிற் செருகும் குத்துவாள் இறைச்சி சுடுவதற்கே பயன்பட்டது என்று அவர் வருந்தினார். மார்ச்சு மாதத்தில் ஏறக்குறைய நூறு பேரைத் தெரிந்தெடுத்து, பிறர் காணத் தாமே அவர்க்குப் பயிற்சி தொடங்கினார். அதிகாரி ஒருவர் தம் கையில் துப்பாக்கி ஏந்திச் சாதாரண வீரனுக்குக் கற்பித்தல் அப்படையில் வழக்கமில்லை. ஸ்டியூபன் பிரெஞ்சு மொழியில் எழுதிய பாடங்களை உதவியாளர் ஆங்கிலத்தில் பெயர்த்துப் படைமுழுதும் பரப்பினர். வீரர் தவறிழைத்தால் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் ஏசித் தீர்த்து, அதுவும் போதாதபோது உதவியாளரை அழைத்துத் தமக்காக ஆங்கிலத்தில் ஏசுமாறு கேட்பார் என்பர். வீரர் நகைப்பர், நகைத்துக்கொண்டே கற்பர்.

அவர் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. ஐரோப்பிய வீரனிடம் இதனைச் செய் என்றால் போதும். அமெரிக்க வீரனிடமோ இன்ன காரணத்தால் இதனைச் செய்ய வேண்டும் என்று முதலிற் கூறினால்தான் செய்வான் என்று அவர் தம் நண்பர்க்கு எழுதினார். 1779-ஆம் ஆண்டில் அவருடைய விதிகள் நூலாக வெளிவந்தன. அணிவகுப்பு முறைகளோடு, பாசறையில் சமையலிடமும் கழிப்பிடமும் எங்கெங்கே அமைதல் வேண்டும் என்பதும் அதில் உண்டு. படைப்பகுதித் தலைவன் தன் வீரர் ஒவ்வொருவரையும் பெயரும் குணமும் அறிந்து, அன்பினால் அவர் நம்பிக்கையைப் பெறுதல் வேண்டும் என்பதும் அந்நூலின் ஒரு விதி. வாலி போர்ஜில் இறந்த இரண்டாயிரவர் விலையாகக் கொடுத்து வாங்கிய விதிகள் அவை என்று கூறினும் பொருந்தும்.

முடிவுரை

மே மாதம் 6-ஆம் நாள், பிரான்சு தேசம் தங்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட நற்செய்தியைப் படையினர் கொண்டாடினர். வரிசை வரிசையாக நின்று, ஒருவர்பின் ஒருவராகத் துப்பாக்கி வெடித்து மகிழ்ந்த அக்காட்சியில், சில திங்களுக்கு முன் கந்தையோடு வந்தவர்கள் இவர்களா என்று ஐயுறும் அளவு ஒழுங்கு காணப்பட்டது. ஜூன் 18-ஆம் நாள் ஆங்கிலப் படை பிலதெல்பியாவை விட்டு நீங்கியது. மறுநாள் அமெரிக்கப் படை பாசறையை விட்டு அதனைத் தொடர்ந்தது. 28-ஆம் நாள், கடும் வெயிலில், மான்மத் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் அப்படை அசையாது நின்று பொருதது. இரவில் களத்தை விட்டு அகன்றவர் ஆங்கிலரே. 1783-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையால் அமெரிக்கா விடுதலை பெற்றது. வாலி போர்ஜ் 1976-ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. மீண்டும் கட்டப்பெற்ற மரக்குடில்கள் சிலவற்றை அங்கே காணலாம்.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நள்ளிரவில் தூறலிடையே, புண்பட்ட வீரரைக் காணப் பாசறையிற் சுற்றிவரும் வேந்தனை நக்கீரர் காட்டுகின்றார். அவ்வேந்தனுடைய வெற்றியைப் பாட வந்த புலவர், அவன் வாளை வீசும் களத்தைக் காட்டாது, அவன் வீரனைப் பேணும் இரவைக் காட்டினார். அதன் பொருத்தம் வாலி போர்ஜின் வரலாற்றால் நமக்கு நன்கு விளங்குகின்றது. அங்கே வீரரைக் கொன்றது பகைவர் வாளுமன்று, பனியுமன்று. வண்டி அனுப்பாதவரின் அசட்டையும், குழி வெட்டாதவரின் சோம்பலுமே. அங்கே படையைக் காத்ததும் ஒரு பெருஞ்செயலன்று. மரம் வெட்டியது, நீர் சுமந்தது, தெருப் பெருக்கியது, பெயர் கூப்பிட்டபோது வந்து நின்றது ஆகிய சிறுசெயல்களே. அவற்றைச் செய்தவர் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைத்தில. ஆயினும் வாகை அவர்க்கே உரியது.